501 ஆட்டத்தில் புள்ளி சேர்ப்பதும் டபுளில் முடிப்பதும்: டார்ட்ஸ் ஆடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

டார்ட்டை ஓரளவு நேராக எறியப் பழகிவிட்ட பின்னும், 501 புள்ளியில் தொடங்கி, எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே சுழியத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆட்டத்தைக் கைநழுவவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிடி, நிற்கும் நிலை, கையசைவு ஆகியவற்றை இங்கே தொடவில்லை. எந்த இடத்தைக் குறிவைப்பது, ஏன் அதைக் குறிவைப்பது, குறி தவறினால் மீதம் என்னவாகும் என்ற முடிவுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக ஆட வந்தவர்கள் பலரோடு ஆடியதில் நான் மீண்டும் மீண்டும் கண்டது இதுதான்: 501இலிருந்து 60க்கு வர எத்தனை முறை எறிகிறார்களோ, அதே அளவுக்கு அந்த 60ஐ முடிக்கவும் எறிகிறார்கள். பெரும்பாலும் அது கையின் குறையாக இருப்பதில்லை. குறி தப்பும் டார்ட் எங்கே விழும் என்பதை எண்ணிப் பார்க்காமல், விழ வேண்டிய இடத்தை மட்டும் பார்த்து எறிவதுதான் காரணம்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் அளவுகளைச் சரிபாருங்கள். பலகையின் மையமான புல்ஸ்ஐயின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்திலும், எறியும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தொலைவிலும் இருக்க வேண்டும். பலரும் தொலைவைச் சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள். பலகையின் தடிமனே கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் என்பதால், அப்படி அளந்தால் கோடு பலகைக்கு அந்த அளவு நெருங்கிவிடும். அங்கே பழகிய கை, சரியான தொலைவில் ஆடும்போது தாழ்வாக எறியும்.

அடுத்ததாக, விதியைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு மூன்று டார்ட். கடைசி டார்ட், எண்ணை இருமடங்காக்கும் வெளிவிளிம்பு வளையமான டபுள் வளையத்திலோ 50 தரும் புல்ஸ்ஐயிலோ விழுந்து மீதத்தைச் சரியாகச் சுழியமாக்க வேண்டும். மீதம் சுழியத்துக்குக் கீழே போனாலும், 1 என்று நின்றாலும், டபுள் இல்லாமல் சுழியத்தைத் தொட்டாலும் அது ‘பஸ்ட்’; அந்த முறை தொடங்கியபோது இருந்த எண்ணுக்கே திரும்பிவிட வேண்டியதுதான்.

மூன்றாவதாக, பலகையில் எண்கள் நிற்கும் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். உச்சியில் தொடங்கி வலமாக 20, 1, 18, 4, 13, 6, 10, 15, 2, 17, 3, 19, 7, 16, 8, 11, 14, 9, 12, 5. ஒவ்வோர் எண்ணுக்கும் இரு பக்கத்து எண்கள் எவை என்பது யோசிக்காமல் நாவில் வர வேண்டும். கீழே சொல்லப்போகும் கணக்குகள் அனைத்தும் அந்தப் பக்கத்து எண்களைப் பற்றியவைதான். இதோடு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தால் போதும்.

2. உங்கள் சிதறலை அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை ஏறத்தாழ எல்லோரும் தாவிச் செல்கிறார்கள். திறமையானவர்கள் டிரிபிள் 20ஐ (எண்ணை மும்மடங்காக்கும் உள்வளையத்தில் 20இன் கட்டம்) நோக்கி எறிகிறார்கள் என்பதற்காகத் தாங்களும் அதையே நோக்குகிறார்கள். உங்களுக்கு உகந்த குறி எது என்பதை உங்கள் டார்ட்டுகள் விழும் இடங்கள்தான் சொல்ல முடியும்.

டிரிபிள் 20ஐக் குறிவைத்து 60 டார்ட் எறிந்து, ஒவ்வொன்றும் எந்த எண்ணின் கூறில், அதாவது அந்த எண்ணுக்குரிய ஆப்பு வடிவப் பகுதியில், விழுந்தது என்று எழுதுங்கள். டிரிபிள், சிங்கிள் (எண்ணின் மதிப்பை மட்டுமே தரும் பகுதி) என்ற வேறுபாடு இப்போதைக்கு வேண்டாம். 60இல் எத்தனை 20இன் கூறுக்குள் விழுந்தன என்பதே முதலில் தேவைப்படும் எண். இதை ஒரே நாளில் செய்து முடித்துவிடாமல், மூன்று வெவ்வேறு நாள்களில் இருபது இருபதாகச் செய்தால் கணக்கு உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

அப்படியே, தவறிய டார்ட்டுகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றனவா, இடமும் வலமுமாகச் சிதறுகின்றனவா என்பதையும் குறித்துவையுங்கள். டபுளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

3. புள்ளி சேர்க்க எங்கே குறிவைப்பது

20க்கு இரு பக்கமும் 5, 1. 19க்கு இரு பக்கமும் 7, 3. எனவே 20ஐக் குறிவைத்துப் பக்கத்தில் விழுந்தால் சராசரியாக 3 கிடைக்கும். 19ஐக் குறிவைத்துப் பக்கத்தில் விழுந்தால் 5 கிடைக்கும்.

இதிலிருந்து ஒரு எளிய எல்லை பிறக்கிறது. எறியும் டார்ட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு குறித்த கூறுக்குள்ளேயே விழுகின்றன என்றால் 20உம் 19உம் சரிசமம். அதற்கு மேல் விழுந்தால் 20 நல்லது. அதற்குக் குறைவாக விழுந்தால் 19 நல்லது. டிரிபிள் எல்லா எண்ணையும் ஒரேபோல மும்மடங்காக்குவதால், இரு இடத்திலும் டிரிபிள் விழும் விகிதம் ஒன்றாக இருக்கும்வரை இந்த எல்லை மாறுவதில்லை. 60 டார்ட் எறிந்ததில் 40க்குக் குறைவாகவே 20க்குள் விழுந்தன என்றால், தயங்காமல் 19க்கு இறங்குங்கள்.

பாதிகூட விழவில்லை என்றால் பலகையின் இடப்பக்கம் ஏற்றது. 16க்குப் பக்கத்தில் 7, 8. 14க்குப் பக்கத்தில் 9, 11. பாதி டார்ட் கூறுக்குள் விழுகிறவருக்கு ஒரு டார்ட்டுக்கு, டிரிபிள்களை விட்டுக் கணக்கிட்டால், 20இல் 11.5, 19இல் 12, 14இலும் 12, 16இல் 11.75 என்று வருகிறது. அதற்கும் கீழே போகப்போக 20 வேகமாகச் சரிகிறது.

14, 16 ஆகிய இரண்டில் நான் 16ஐயே பரிந்துரைப்பேன். சிதறல் பெரிதாக இருப்பவரின் டார்ட் அடுத்த கூறோடு நிற்காமல் அதற்கும் அடுத்ததில் போய் விழும். 16ஐ நடுவில் வைத்து ஐந்து எண்களைக் கூட்டினால் 61, 14ஐ நடுவில் வைத்துக் கூட்டினால் 54. தவிர, ஆட்டத்தை முடிக்கப் போகிற பகுதியும் பெரும்பாலும் அதுவே என்பதால், கண்ணும் கையும் அந்த இடத்துக்கு முன்கூட்டியே பழகியிருக்கும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை 60 டார்ட் கணக்கை மறுபடி எடுங்கள். எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் 20க்கு மாறிக்கொள்ளலாம்.

4. ஒரே முறைக்குள் குறியை மாற்றுவது

முதல் இரு டார்ட்டுகள் டிரிபிள் 20க்கு நேர் கீழே நின்று அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவதை டிரிபிள் 19க்கு மாற்றுவது சரி. 60க்குப் பதில் 57 என்பது மூன்றே புள்ளி இழப்பு. அடைபட்ட வாயில் மோதித் தெறித்து விழும் டார்ட்டுக்கோ எதுவுமே கிடைக்காது.

ஆனால் ஒரு டார்ட் 5இல் விழுந்த எரிச்சலில் 19க்குத் தாவுவது தவறு. முதல் டார்ட் எங்கே விலகியது என்று கை இப்போதுதான் கற்றிருக்கிறது. அதைத் திருத்தும் வாய்ப்பு அதே குறியில்தான் கிடைக்கும். இடம் மாறினால் அந்தப் பாடம் வீணாகிவிடும்.

5. கணக்கு எறிவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்

கோட்டில் நின்றபடி கழித்துக்கொண்டிருப்பவரின் கை தளர்ந்துவிடும். அடிக்கடி வரும் மொத்தங்களை முன்பே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 20, 5, 1 சேர்ந்தால் 26. இரண்டு 20உம் ஒரு 1உம் 41. இரண்டு 20உம் ஒரு 5உம் 45. ஒரு டிரிபிள் 20, ஒரு 20, ஒரு 5 என்றால் 85. ஒரு டிரிபிளும் இரண்டு 20உம் 100. இரண்டு டிரிபிளும் ஒரு 20உம் 140.

கழிக்கும்போது 85ஐ நேராகக் கழிப்பதைவிட 100ஐக் கழித்து 15ஐக் கூட்டுவது விரைவு. 60, 57, 54, 51, 48, 45 என்ற டிரிபிள் மதிப்புகளைக் கழித்துப் பழகுங்கள். முடிக்கும் கட்டத்தில் வேறு கழித்தல் அதிகம் தேவைப்படாது.

எதிராளி எறிந்துகொண்டிருக்கும்போதே உங்கள் மீதத்துக்கு முதல் டார்ட் எது, அது சிங்கிளில் விழுந்தால் இரண்டாவது எது என்ற இரண்டு விடைகளோடு கோட்டுக்கு வாருங்கள். இரண்டாவது விடை இல்லாமல் வருவதுதான் புதியவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை.

6. 170க்குக் கீழே வந்தவுடன்

மூன்று டார்ட்டில் முடிக்கக்கூடிய மிகப்பெரிய எண் 170: டிரிபிள் 20, டிரிபிள் 20, புல்ஸ்ஐ. அதற்குக் கீழே 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழு எண்களை மூன்று டார்ட்டில் முடிக்க வழியே இல்லை. 158இலிருந்து கீழே எல்லாவற்றையும் முடிக்கலாம்.

இரண்டு டார்ட்டில் முடிக்கக்கூடிய உச்சம் 110. அதன்பின் 107, 104, 101, 100. 99ஐ இரண்டு டார்ட்டில் முடிக்க முடியாது. 98இலிருந்து கீழே எல்லாம் முடியும்.

இந்தப் பட்டியல்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்; ஆனால் சராசரியாக ஒரு முறைக்கு 50 எடுக்கிற ஒருவர் 140ஐ மூன்று டார்ட்டில் முடிப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்கு முக்கியமான எல்லைகள் 80, 60, 40. காரணம் நேரடியானது: 80 என்பது 20, 20, டபுள் 20. பலகையின் மையத்தைத் தொடாமல், இரண்டு சிங்கிளும் ஒரு டபுளும் மட்டுமே கொண்டு மூன்று டார்ட்டில் முடிந்துவிடும் மிகப்பெரிய எண் அதுவே. 60 என்றால் ஒரு சிங்கிளும் ஒரு டபுளும் போதும். 40 என்றால் மூன்று டார்ட்டும் டபுளுக்கே.

எனவே 170க்குக் கீழே வந்த பிறகு, ஒவ்வொரு முறையின் மூன்றாவது டார்ட்டையும் ‘இது எத்தனை புள்ளி தரும்’ என்று பார்க்காமல் ‘இது எதை மீதம் வைக்கும்’ என்று பாருங்கள். 100 மீதம், ஒரு டார்ட் கையில் என்றால் 20ஐக் குறிவையுங்கள்: சிங்கிள் விழுந்தால் 80, டிரிபிள் விழுந்தால் 40, இரண்டுமே நல்ல இடங்கள்.

7. 61 முதல் 100 வரை: முதல் டார்ட்டைத் தேர்ந்தெடுப்பது

இந்த இடைவெளியில் ஒரே கேள்வியைக் கேளுங்கள். குறிவைக்கிற டிரிபிள் தவறி அதே எண்ணின் சிங்கிளில் விழுந்தால், மீதம் 60க்குள் வருமா? வந்தால் அடுத்த இரண்டு டார்ட்டில் டிரிபிள் தேவைப்படாது.

80இல் டிரிபிள் 16 விழுந்தால் 32 மீதம், அழகான டபுள்தான். ஆனால் சிங்கிள் 16 விழுந்தால் 64 நின்று மறுபடி ஒரு டிரிபிளைக் கேட்கும். டிரிபிள் 20ஐக் குறிவைத்தால், விழுந்தபோது 20 மீதம், சிங்கிளில் விழுந்தால் 60 மீதம். ஆகவே 80க்கு 20தான் சரி. இதே காரணத்துக்காக 79க்கும் 77க்கும் 19; 78க்கு 18; 74க்கு 14, ஏனென்றால் டிரிபிள் 14 விழுந்தால் 32, சிங்கிள் விழுந்தால் 60.

இன்னும் ஒரு படி மேலே போய், பக்கத்துக் கூறில் விழுந்தாலும் 60க்குள் வரும்படியான எண்கள் சில உண்டு. 66இல் 10ஐக் குறிவையுங்கள்: டிரிபிள் 36 வைக்கும், சிங்கிள் 56 வைக்கும், பக்கத்து 6இல் விழுந்தால் 60, 15இல் விழுந்தால் 51. 64இல் 16ஐக் குறிவையுங்கள்: டிரிபிள் 16 வைக்கும், சிங்கிள் 48, பக்கத்து 8இல் 56, 7இல் 57. எங்கே விழுந்தாலும் வழி திறந்தே இருக்கிறது.

81 முதல் 85 வரை நான் புல்ஸ்ஐயையே குறிவைக்கச் சொல்வேன். அதைச் சுற்றிய 25 வளையத்தில் விழுந்தால் 56 முதல் 60 வரையில் ஏதோ ஒன்று மீதமாகும். அதாவது ஒரு சிங்கிள், ஒரு டபுள். ஒரு டிரிபிள் கட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 260 சதுர மில்லிமீட்டர். புல்ஸ்ஐயும் 25உம் சேர்ந்த வட்டமோ 790 அளவுக்கு வரும். மும்மடங்குப் பெரிய குறி. 61க்கும் 65க்கும் இதே வழி பொருந்தும்: 25 விழுந்தால் முறையே 36, 40.

86க்கு மேல் சிங்கிள் காப்பாற்றாது. 20, 19, 18 ஆகியவற்றில் எது நல்ல டபுளை மீதம் வைக்கிறதோ அதைக் குறிவைத்து, டிரிபிள் விழாவிட்டால் மூன்றாவது டார்ட்டால் 40ஐயோ 32ஐயோ மீதம் வைப்பதற்கு ஆடுங்கள்.

8. 60க்குக் கீழே: சிங்கிளைச் சரியாக எடுப்பது

ஆட்டம் பெரும்பாலும் தோற்கப்படுவது இங்கேதான், டபுளில் அல்ல. 57இல் 17ஐ எறிய வேண்டியவர் 2இல் எறிந்துவிட்டு 55இல் நிற்கிறார். பதற்றத்தில் அடுத்ததையும் தவறவிட்டு, ஒரு முறை முழுவதும் டபுளை நோக்கி ஒரு டார்ட்கூட எறியாமலே திரும்புகிறார். சிங்கிள்தானே என்ற அலட்சியம்தான் காரணம்.

டிரிபிள் வளையத்துக்கும் டபுள் வளையத்துக்கும் இடையிலுள்ள அகன்ற சிங்கிள் பகுதியின் பரப்பு 2,300 சதுர மில்லிமீட்டருக்கும் மேல். அதன் நடுவையே குறிவையுங்கள். பழக்கத்தால் கண் டிரிபிளுக்கே போகும், அது ஆபத்து. 48 மீதம் இருக்கையில் 16ஐ எடுக்கப்போய் டிரிபிள் 16 விழுந்தால் சரியாகச் சுழியம், ஆனால் டபுள் இல்லை, எனவே பஸ்ட். 49இல் டிரிபிள் 17 விழுந்தாலும், 51இல் டிரிபிள் 19 விழுந்தாலும் அதே கதிதான்.

இரண்டு கூறுகளும் உதவும் எண்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 48இல் 16ஐ எடுத்தால் 32. தவறி 8இல் விழுந்தால் 40. ஆகவே 16இன் நடுவிலிருந்து சற்றே 8இன் பக்கமாகச் சாய்ந்து எறியலாம். 46இல் 6க்கும் 10க்கும் இடையிலுள்ள கம்பியையே குறிவையுங்கள்: 6 விழுந்தால் 40, 10 விழுந்தால் 36. 42இலும் அதே கம்பி: 36 அல்லது 32. 47இல் 7க்கும் 19க்கும் இடையிலுள்ள கம்பி: 7 என்றால் 40, 19 என்றால் 28. கம்பியைக் குறிவைப்பது புதியவருக்கு விசித்திரமாகத் தோன்றும். குறியின் அகலத்தை இரு மடங்காக்கும் வழி அது.

இத்தகைய இரட்டை வாய்ப்பு இல்லாத ஒற்றைப்படை எண்களுக்கு ஒரே விடையைப் பழகுங்கள். 59க்கு 19, 57க்கு 17, 55க்கு 15, 53க்கு 13. நான்கும் 40 வைக்கும். 45க்கு 13, 43க்கு 11, 41க்கு 9, 37க்கு 5, 35க்கு 3. இவை 32 வைக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு வேறு வழி தேடுகிறவரைவிட, ஒரே வழியை நூறு முறை எறிந்தவர் நம்பகமாக எறிவார்.

9. எந்த டபுளை மீதம் வைப்பது

32ஐ எல்லோரும் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது தொடர்ந்து பாதியாகிக்கொண்டே போவது. டபுள் 16ஐக் குறிவைத்து உள்ளே சிங்கிள் 16 விழுந்தால் 16 மீதம், அடுத்தது டபுள் 8. அதிலும் சிங்கிள் விழுந்தால் டபுள் 4, பிறகு டபுள் 2, பிறகு டபுள் 1. ஒற்றைப்படை எண் குறுக்கே வருவதில்லை. பக்கத்து 8இல் விழுந்தாலும் 24 மீதம், அதுவும் டபுள் 12. பக்கத்து 7இல் விழும்போது மட்டும் 25 என்று நின்று, 9ஐ எடுத்து 16க்கு வர வேண்டியிருக்கும்.

40இல் சிங்கிள் விழுந்தால் 20, அதிலும் சிங்கிள் விழுந்தால் 10, அடுத்து 5 என்று உடைந்துவிடும். 36இல் சிங்கிள் விழுந்தால் 18, அடுத்து 9. ஆனால் 36இல் பக்கத்து 4இல் விழுந்தால் 32 கிடைக்கிறது என்பது ஒரு நன்மை.

இங்கேதான் இரண்டாம் படியில் எடுத்த குறிப்பு தேவைப்படுகிறது. டபுள் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர், ஒரு கட்டத்தின் நீளம் 52 மில்லிமீட்டர் அளவு. உச்சியிலுள்ள டபுள் 20 படுத்துக் கிடக்கும் பட்டை. இட ஓரத்திலுள்ள டபுள் 11, வல ஓரத்திலுள்ள டபுள் 6 ஆகியவை நின்றுகொண்டிருக்கும் பட்டைகள். உங்கள் டார்ட் இடமும் வலமுமாகச் சிதறும் என்றால் டபுள் 20 பொருந்தும். மேலும் கீழுமாகச் சிதறும் என்றால், ஓரங்களை ஒட்டிய டபுள் 8, டபுள் 10, டபுள் 14 ஆகியவை உங்களுக்கு எளிது. டபுள் 16 இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கிறது.

மற்றவர்களுக்கு டபுள் 16 பிடித்திருக்கிறது என்பது உங்களுக்குக் காரணமாகாது. உங்கள் கைக்கு இசைந்த இரண்டு டபுளைத் தேர்ந்தெடுத்து, இயன்ற இடத்திலெல்லாம் அந்த இரண்டையே மீதம் வையுங்கள்.

டபுளைக் குறிவைக்கையில் வெளியே தவறுவது உள்ளே தவறுவதைவிட நல்லது. வெளியே விழுந்தால் மீதம் மாறாது. அடுத்த டார்ட்டும் அதே இடத்துக்குத்தான். 40இல் வெளியே விழுந்த இரண்டு டார்ட்டுக்குப் பிறகும் 40ஏ நிற்கும். ஆகவே சந்தேகம் வந்தால் கம்பியின் வெளிப்பக்கமாகச் சாயுங்கள். முதல் டார்ட்டே கம்பிக்கு ஒட்டி வெளியே நின்றால் அதை வழிகாட்டியாக வைத்து அடுத்ததை எறியலாம்.

10. எதிராளியின் மீதத்தைப் பார்த்து முடிவெடுப்பது

50 மீதம், ஒரே டார்ட் கையில். புல்ஸ்ஐயை எறிவதா, 18ஐ எடுத்து 32 வைப்பதா? புல்ஸ்ஐயின் பரப்பு 127 சதுர மில்லிமீட்டர். ஒரு டபுளின் பரப்பு 417. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எதிராளி 170க்கு மேலோ, முடிக்க முடியாத 159 போன்ற எண்ணிலோ நின்றால், அடுத்த முறை உங்களுக்கு உறுதியாக உண்டு. 18ஐ எடுத்து மூன்று டார்ட்டோடு திரும்பி வாருங்கள். எதிராளி 32இல் நின்றால் புல்ஸ்ஐயை எறிய வேண்டும், ஏனென்றால் மறுபடி எறிய வாய்ப்பே வராமல் போகலாம்.

இடையிலுள்ள நிலைகளில் எதிராளி எவ்வளவு திறமையானவர் என்பதைப் பொறுத்தே முடிவு. 120இல் நிற்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு அஞ்சி உங்கள் அமைப்பைக் கலைத்துக்கொள்ளாதீர்கள்.

11. ஓர் ஆட்டம், தொடக்கம் முதல் முடிவு வரை

மேற்சொன்னவற்றை ஒரு கற்பனை ஆட்டத்தில் பார்ப்போம். 20, 5, 20 எறிந்து 456. 20, 1, 20 எறிந்து 415. டிரிபிள் 20, 20, 5 எறிந்து 330. மூன்று 20 எறிந்து 270. ஐந்தாம் முறையில் 19க்கு மாறி 19, 19, 7 எறிந்து 225. ஆறாவதில் 20, டிரிபிள் 20, 5 எறிந்து 140.

ஏழாம் முறையில் 20, 20; இப்போது 100 மீதம், ஒரு டார்ட். அதையும் 20க்கே எறிந்து 80 வைக்கிறோம். எட்டாம் முறையில் முதல் டார்ட் 5இல் விழுந்து 75. டிரிபிள் 17 விழுந்தால் 24 மீதம் என்று 17ஐக் குறிவைத்ததில் சிங்கிள் விழுந்து 58. ஒரே டார்ட்டில் முடிக்க வழியில்லை என்பதால் 18ஐ எடுத்து 40 வைக்கிறோம். முதல் டார்ட் தவறியும் இந்த முறை வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒன்பதாம் முறையில் முதல் டார்ட் டபுள் 20க்கு வெளியே. மீதம் அதே 40. இரண்டாவது சிங்கிள் 20, மீதம் 20. மூன்றாவது டபுள் 10. மொத்தம் 27 டார்ட். இதில் டிரிபிள் விழுந்தது இரண்டே முறை.

12. எவ்வாறு பயிற்சி செய்வது

நேரத்தில் பாதியை டபுளுக்கும் 60க்குக் கீழான எண்களுக்கும் ஒதுக்குங்கள். டிரிபிள் 20ஐ மட்டும் மணிக்கணக்கில் எறிவது இன்பமாக இருக்கும். ஆனால் முடிக்கும் கை அதனால் வளராது.

முதல் பயிற்சி, 41இலிருந்து 60 வரை ஒவ்வோர் எண்ணையும் ஆறு டார்ட்டில் முடிக்க முயல்வது. முடிந்ததா, எந்த டார்ட்டில் முடிந்தது, சிங்கிளைத் தவறவிட்டீர்களா டபுளைத் தவறவிட்டீர்களா என்று எழுதுங்கள். இருபது எண்களையும் ஆடி முடிக்கும்போது உங்கள் பலவீனம் எங்கே என்று ஏடே காட்டிவிடும். நான் பார்த்தவரையில் பலருக்கும் அது சிங்கிளாகவே இருந்தது.

இரண்டாவது, 27 புள்ளியோடு தொடங்கி டபுள் 1இலிருந்து டபுள் 20 வரை ஒவ்வொன்றுக்கும் மூன்று டார்ட் எறிந்து, இறுதியில் புல்ஸ்ஐக்கு எறிவது. விழுந்த ஒவ்வொரு டபுளின் மதிப்பையும் கூட்டுங்கள். மூன்றும் தவறினால் அந்த டபுளின் மதிப்பை ஒருமுறை கழியுங்கள். சுழியத்துக்கோ அதற்குக் கீழோ போனால் ஆட்டம் முடிந்தது. தொடக்கத்தில் டபுள் 5ஐக்கூடத் தாண்ட முடியாமல் போகலாம். அதற்காக விதியைத் தளர்த்திக்கொள்ளாதீர்கள், எங்கே நின்றீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

இந்த இரண்டையும் ஆடும்போது ஒவ்வொரு முறைக்கும் முன்பு மீதத்தையும் உங்கள் இரண்டு விடைகளையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “57, பதினேழு, பிறகு டபுள் இருபது. தவறி 3 விழுந்தால் 54. பதினான்கு, பிறகு டபுள் இருபது.” சில வாரங்களில் சொல்ல வேண்டிய தேவை தானாகவே குறைந்துவிடும்; ஆட்டத்தின் நடுவே எண்ணைக் கேட்டதும் கண் நேராக அந்தக் கூறுக்குப் போகத் தொடங்கினால், அடுத்ததாக 61இலிருந்து 80 வரையுள்ள எண்களை ஒன்பது டார்ட்டில் முடிக்கும் பயிற்சிக்குச் செல்லலாம்.